அப்பாவின் கிடாரில் விழுந்த அடி: பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்

கேள்வி: அங்கிள், இது அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்த யமஹா கிடார். போன மாதம் பட்டர்வொர்த்தில் அக்காவின் கல்யாண விருந்தில் மைக் ஸ்டாண்டு சாய்ந்து விழுந்ததில், முன்பக்கம் ஐந்து காசு அளவுக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது. அதைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிறது. பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறல் நிறைய. பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) பட்டுப் பட்டு மரம் தெரியும் இடத்தில், அம்மா சரஸ்வதி பூஜைக்கு வைத்த குங்குமம் ஊறிப் போயிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார். அடிக்கலாமா? நானே வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா? (ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, பெயின்ட் யோசனையை முதலில் ஓரம் கட்டுங்கள். நீங்கள் அனுப்பிய நான்கு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தில் ஒரு அடி, முதுகில் பழைய சிராய்ப்பு, பிக் தேய்த்த இடம் ஒன்று. இதற்குப் போய் முழுப் பூச்சையும் உரிப்பது, கொசு கடித்த இடத்துக்குக் கை முழுக்க மாவுக்கட்டுப் போடுவது மாதிரி.

காரணமும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவரிடம் பேச உதவும். கிடாரின் முகப்பலகை மொத்தமே மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குள்தான் இருக்கும். அது ஒட்டுப்பலகையாக இருந்தால், மேலே தெரியும் அழகான மரம் அதிலும் ஒரு மெல்லிய தாள். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை அப்படியே உள்பக்கம்வரை இறங்கினால் முழு மரம். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை. பழைய பூச்சைச் சுரண்டும்போது மெஷின் ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் போதும், அந்தத் தாள் ஓட்டையாகி அடியில் உள்ள குறுக்கு மரம் எட்டிப் பார்க்கும். முகத்தில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜை வேறு கழற்ற வேண்டும், இல்லை அதைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு மேலே அடிக்கும் புதுப் பூச்சு பழையதைவிடக் கனமாகத்தான் விழும், ஸ்ப்ரே அடிப்பவர் கிடார் பழகாதவராக இருந்தால். பலகை அதிர்வதைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம். அதன்மேல் கம்பளி போர்த்தினால் என்ன ஆகும்?

இருபத்தைந்து வருஷமாக ஜார்ஜ்டவுனில் இந்த வேலை பார்க்கிறேன். அழகு கெட்டதென்று கொண்டு வந்த கிடார்களைவிட, அழகு பண்ணப் போய்க் கெட்டதென்று வந்தவைதான் என் பட்டறையில் அதிகம்.

இப்போது உங்கள் காயத்துக்கு வருவோம். படத்தில் உங்கள் கண் எங்கே போகிறது? பெயர்ந்த மரத்துக்கு இல்லை, அதைச் சுற்றியிருக்கும் வெள்ளை வளையத்துக்கு. அடி பட்டபோது பெயர்ந்து விழுந்தது ஒரு துண்டுதான். அதன் ஓரத்தில் இருந்த பூச்சு விழாமல், மரத்தை விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இடையில் காற்று புகுந்திருக்கிறது. அந்தக் காற்றில் வெளிச்சம் சிதறுவதால் வெள்ளை. மழையில் நனைந்த சட்டை ஏன் அடர்ந்த நிறமாகத் தெரிகிறது? நூலுக்கு நடுவே இருந்த காற்றைத் தண்ணீர் நிரப்பிவிட்டது, அவ்வளவுதான். அதே வேலையைத்தான் இங்கேயும் செய்யப் போகிறோம்.

நம்பிக்கை வர ஒரு சோதனை. சிப்போ மாதிரி லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல், நாப்தா என்பார்கள், ஒரு சின்ன டப்பா வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து அந்த வெள்ளை விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். வளையம் காணாமல் போகும். அரை நிமிஷத்தில் ஆவியானதும் திரும்ப வரும். நனைந்திருந்தபோது எப்படித் தெரிந்ததோ, கிட்டத்தட்ட அப்படித்தான் வேலை முடிந்த பிறகும் தெரியும். எந்தக் கீறலைத் தொடுவதற்கு முன்னாலும் நான் இப்படி நனைத்துப் பார்ப்பேன். நனைத்தும் உறுத்தினால் அது நிறப் பிரச்சினை, வேறு வைத்தியம். நனைத்ததும் மறைந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: சாமி விளக்கு எரிகிற அறையில் இந்த டப்பாவைத் திறக்காதீர்கள்.

அடுத்து, மரம் விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்பிகளைத் தளர்த்தி, கைப்பேசியின் டார்ச்சை ஒலித்துளைக்குள் விட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே நின்று பாருங்கள். ரேகை ஓடும் திசையிலேயே ஒரு கோடு வெளிச்சமாகத் தெரிந்தால் அது விரிசல். அடிபட்ட இடத்தின் இரு பக்கமும் பெருவிரலால் மெல்ல அமுக்கும்போது கோடு திறந்து மூடினாலும் விரிசல்தான். அப்படியானால் இதற்குக் கீழே எழுதியதைப் படிக்காமல் நேரே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே சின்னச் சின்ன மரத்துண்டு வைத்து ஒட்ட வேண்டும், அது அழகு வேலையில் சேராது. குறுக்கும் நெடுக்கும் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சில் மட்டும் விழுந்தவை. உங்கள் படத்தில் விரிசல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு, பூச்சு எது என்பது. எல்லாக் கைவைத்தியமும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. ஹார்ட்வேர் கடையில் போய் ஷெலெக் என்று கேட்டால் எந்த வார்னிஷையும் எடுத்து நீட்டுவார்கள். கிடாரில் அந்தக் கணக்கு உதவாது. பழங்காலத்து வகை அவலரக்கு, உண்மையான ஷெலெக் இதுதான். என் அப்பா தச்சர், அவர் நாற்காலி கால்களுக்குப் போட்டதும் இதுதான்: மரக்கிளையில் அரக்குப் பூச்சி விட்டுப்போகும் பிசினை அவல் மாதிரித் தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் நூறு முறை தேய்த்து ஏற்றுவது. நல்ல கிளாசிக்கல் கிடார்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். இரண்டாவது நைட்ரோ லாக்கர், பழைய அமெரிக்க கிடார்களிலும் இன்றைய விலை உயர்ந்தவற்றிலும். மூன்றாவது பாலியூரிதேன், பாலியெஸ்டர் வகை. நம்மூர்க் கடைகளில் தொங்கும் பத்தில் ஒன்பது கிடார் இதுதான்.

அவலரக்கு ஆல்கஹாலில் கரையும். நைட்ரோ, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் கரையும். பாலி இரண்டுக்கும் அசையாது. சோதிப்பதானால் யாரும் பார்க்காத இடத்தில், பெல்ட் மாட்டும் குமிழைக் கழற்றி அதன் அடியில், பஞ்சுக்குச்சி நுனியால் ஒரு தொடுகை மட்டும். முதலில் ஆல்கஹால். ஒட்டினால் அரக்கு, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒட்டாவிட்டால் அசிட்டோன்.

ஆல்கஹால் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, அது தளர்ந்த பிறகு என்னிடம் வந்த முதல் கிடார் ஓர் இசை ஆசிரியருடையது, ஸ்பெயினில் செய்தது. மாணவர்கள் தொட்டுப் போன பிறகு ஒவ்வொரு நாளும் சானிடைசர் போட்டுத் துடைத்திருக்கிறார். அரக்குப் பூச்சு. கை வைக்கும் இடமெல்லாம் கரைந்து, விரல் ரேகை பதிந்து, பாகு மாதிரி ஆகியிருந்தது. அவரைத் திட்டவும் முடியாது, அன்றைக்கு நாமெல்லாம் வாழைப்பழத்தைக்கூட சானிடைசரில் துடைத்தவர்கள்தானே. அரக்கில் ஒரு நல்ல குணம், புதுக் கரைசல் பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். மூன்று வாரம் தேய்த்து மீட்டேன். பாலிக்கு இந்தக் குணம் கிடையாது. புதியது பழையதன்மேல் உட்காரும், கலக்காது. ஓரம் தெரிந்துகொண்டே இருக்கும்.

உங்களுடையது யமஹா எஃப்ஜி, உள்ளே லேபிளில் தைவான் என்று இருக்கிறது. அந்த வரிசை 1966இல் ஜப்பானில் தொடங்கியது. பிறகு தைவானில் செய்தவை மலேசியா முழுக்கப் பரவின, கல்யாண வாத்தியக் குழுக்களில் பாதிப் பேர் கையில் அதுதான் இருந்தது. படத்தில் பூச்சு பெயர்ந்த ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூர்மையாக இருப்பதைப் பார்த்தால் பாலிதான் என்று சொல்வேன். சோதனை செய்துவிட்டு, அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள். நைட்ரோவாக இருந்தால் லாக்கரைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும், நான் இனிச் சொல்வது அதற்கு அவ்வளவு பொருந்தாது.

பாலிக்கு மருந்து சூப்பர் குளூ. மலாய்க் கடைகளில் கம் காஜா, யானை கோந்து. சிரிக்காதீர்கள், உலகம் முழுக்கக் கிடார் பட்டறைகளில் இதுதான் நடக்கிறது. இறுகியதும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், பாலியைப் பிடித்துக்கொள்ளும், தேய்த்தால் பளபளக்கும். இரண்டு பதம் வேண்டும்: தண்ணீர் மாதிரி ஓடுவது ஒன்று, விளக்கெண்ணெய் மாதிரிக் கொஞ்சம் திக்கானது ஒன்று. திக்கானது மாடல் விமானம் விற்கும் ஹாபி கடையில் கிடைக்கும். புதுக் குப்பி வாங்குங்கள், மேசை டிராயரில் போன தீபாவளிக்குத் திறந்தது வேண்டாம்.

இடத்தை நாப்தாவால் துடைத்துக் காய விடுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளை ஓரத்தை நகத்தால் பெயர்க்கத் தோன்றும். கூடாது. ஊசி நுனியில் தண்ணீர்ப் பதக் கோந்தை ஒரு துளி எடுத்து அந்த விளிம்பைத் தொடுங்கள். அது தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளை உங்கள் கண் முன்னாலேயே அடங்கும். மெழுகுத்தாளை மேலே வைத்து ஒரு நிமிஷம் விரலால் அமுக்கி எடுங்கள். வெறும் மரத்தில் மட்டும் இந்தக் கோந்து நேரடியாகப் படக் கூடாது. ஸ்புரூஸ் மரம் அதைக் குடித்துவிட்டுக் கருத்த திட்டு விடும். அதனால் காயத்தின் நடுவே தெரியும் மரத்துக்கு முதலில் அவலரக்கு ஒரு தொடுகை, காய்ந்ததும் இன்னொன்று.

நிறமும் அங்கேயே சரியாகிவிடுகிறது. முப்பது வருஷ வெளிச்சத்தில் உங்கள் கிடாரின் முகம் தேன் நிறத்துக்குப் போயிருக்கிறது, பெயர்ந்த இடம் வெளிர் மஞ்சள். அரக்கில் இயல்பாகவே தேன் நிறம் உண்டு. ஒவ்வொரு தொடுகைக்கும் பிறகு நாப்தா போட்டு நனைத்துப் பாருங்கள், சுற்றுப்புறத்துக்குக் கொஞ்சம் வெளிறியிருக்கும்போதே நிறுத்துங்கள். வெளிறிய புள்ளி ரேகைக்குள் ஒளிந்துகொள்ளும். கருத்த புள்ளியைக் கண் விடாது. மரத்தூள் குழைத்த புட்டி மட்டும் எக்காரணம் கொண்டும் முகப்பலகையில் வைக்காதீர்கள், பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்கும்.

பிறகு திக்கான கோந்து. பள்ளத்தின் நடுவில் ஒரு துளி, பல்குத்தும் குச்சியால் ஓரம்வரை இழுத்துவிடுங்கள். ஒரே தடவையில் நிரப்ப ஆசைப்பட்டால் மேலே இறுகி உள்ளே பச்சையாக நிற்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நான்கைந்து தடவை, கடைசியில் மட்டத்துக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும்வரை. இறுகும்போது கொஞ்சம் வற்றும், அதற்குத்தான் அந்தப் புடைப்பு. இந்தக் கோந்து காற்றிலிருக்கும் ஈரத்தால் இறுகுகிற சாமான். பினாங்குக்கு அதில் குறையே இல்லை, சீக்கிரம் இறுக்கும் ஸ்ப்ரேயை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அதை அடித்தால் உள்ளே குமிழி கட்டும். யூடியூபில் சமையல் சோடாவைத் தூவுவார்கள், அது கழுத்தின் நுனியில் கம்பிகள் தங்கும் நட்டில் தேய்ந்த பள்ளத்துக்கு. இங்கே தூவினால் சுண்ணாம்புப் பொட்டுதான் மிஞ்சும். வழிந்தால் பஞ்சால் துடைக்காதீர்கள், பருத்தியும் இந்தக் கோந்தும் சேர்ந்தால் விரல் சுடும் அளவுக்குச் சூடேறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குனிந்து முகர்ந்துகொண்டு வேலை பார்க்காதீர்கள்.

கடைசித் துளி போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். பலரும் கெடுப்பது இனிதான் வருகிறது, மட்டம் பார்ப்பதில். உப்புத்தாளை எடுத்துக் கையால் தேய்த்தால் கோந்தைவிடச் சுற்றியிருக்கும் பூச்சுதான் முதலில் போகும். ஒருபக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு ஒன்றை எடுத்து, அதன் இரண்டு முனையிலும் செலோடேப்பை ஒற்றையாக ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டரை மட்டும் வெறுமையாக விடுங்கள். டேப் நல்ல பூச்சின்மேல் சறுக்கும், நடுவில் உள்ள கூர் புடைப்பை மட்டும் செதுக்கும். பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள், மாங்காய்த் தோல் சீவுவது போல இல்லை, சட்டியில் ஒட்டின பால் ஆடையைச் சுரண்டுவது போல. மாவு மாதிரித் தூள் வர வேண்டும். பிசுபிசுவென்று இழுபட்டு வந்தால் கோந்து இன்னும் காயவில்லை, நாளைக்குத் தொடுங்கள். டேப்பின் கனம் அளவுக்கு மட்டும் ஒரு புடைப்பு மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள்.

அந்த மிச்சத்துக்குத்தான் உப்புத்தாள். பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானைக் கட்டை விரல் நகமளவு வெட்டி, அதில் 1000 நம்பர் தாளைச் சுற்றி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, புடைப்பின்மேல் மட்டும். தண்ணீர் நிறைய வேண்டாம், ஸ்புரூஸ் குடிக்கும். அடிக்கடி துடைத்துச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னலின் பிம்பம் அந்த இடத்தைக் கடக்கும்போது வளையாமல் போனால் மட்டம் வந்துவிட்டது. பிறகு 1500, 2000, கடைசியில் கார் பாலிஷ் காம்பவுண்ட். சிலிகான் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். சிலிகான் மரத்துக்குள் இறங்கிவிட்டால் பின்னாளில் எந்தப் பூச்சு அடித்தாலும் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக ஒதுங்கும், நானே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் கிடார் பளபள வகை, அதனால் தப்பித்தீர்கள். மங்கல் பூச்சுக் கிடாராக இருந்தால் இந்த வேலைக்குப் பிறகு அந்த இடம் மட்டும் வழுக்கைத் தலை மாதிரி மின்னும்.

இத்தனையும் செய்தால் காயம் மாயமாகுமா? ஆகாது. அரை மீட்டர் தூரத்தில் தெரியாது. விளக்கடியில் சாய்த்துத் தேடினால் தெரியும். அதோடு விடுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்துப் பக்கத்துப் பூச்சை ஊடுருவியவர்கள் நிறைய. மலிவுக் கிடாரில் பூச்சு கால் மில்லிமீட்டர் கனம்கூட இருக்கும், உங்களுடையது அதைவிட மெலிசு.

பூச்சு உடையாமல் வெறும் பள்ளம் விழுந்த இடம் ஒன்றும் இரண்டாவது படத்தில் தெரிகிறது, பிரிட்ஜுக்கு வலப்பக்கம். ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினால் எழும்பும் என்று யாராவது சொல்வார்கள். வெறும் மரத்தில் எழும்பும், உண்மைதான். அமுங்கிய நார் நீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். பூச்சின்மேல் செய்தால் ஆவி உள்ளே போக வழியில்லை. இளவயதில் கூட்டாளி ஒருவனின் செடார் முகக் கிடாரில் நான் இதைச் செய்து பார்த்தேன். பள்ளம் எழும்பவில்லை, சுற்றிலும் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பனி மூடின மாதிரி வெளுத்தது. அவன் இன்றைக்கும் கோப்பிக் கடையில் அதைச் சொல்லிக் காட்டுகிறான். அந்தப் பள்ளத்தை விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்துப் பக்கிள் கீறல்களை நனைத்துப் பாருங்கள். முக்கால்வாசி மறைந்துவிடும் என்றே நினைக்கிறேன், அவை பூச்சின் மேல்தோலில் மட்டும் உள்ளவை. காம்பவுண்ட், மெல்லிய துணி, பத்து நிமிஷம். மறையாத ஆழமான நான்கைந்துக்கு மரச்சாமான் கடையில் விற்கும் பழுப்பு மெழுகுக் குச்சியைத் தேய்த்து, மிச்சத்தை அட்டையால் வழித்துவிடுங்கள். சப்பாத்து பாலிஷ் போடுகிறவர்களும் உண்டு, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு எதுவும் ஒட்டாது. தலைப்பகுதியில் கறுப்புச் சில்லு போயிருந்தால் கறுப்பு நகப்பூச்சு போதும். விளையாட்டில்லை, நகப்பூச்சும் நைட்ரோ செல்லுலோஸ்தான்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் கதவுக் கீல் முதல் மண்டை வரைக்கும் அதுதான், தெரியும். ஆனால் அது காயாத எண்ணெய். தேய்ந்த மரத்தில் இறங்கினால் கருக்கும், சிக்கு வாடை வரும், நாளைக்குக் கோந்து ஒட்டாது.

கொசு மருந்தும் அப்படித்தான். டீட் கலந்த ஸ்ப்ரேயைக் கையில் அடித்துக்கொண்டு உடனே கிடார் எடுத்தால், முழங்கை படுகிற இடத்தில் நைட்ரோ பூச்சு பிசுபிசுவென்று ஆகிவிடும், பிக் உரசாமல் காக்க முகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிக்கார்டும் கெடும். டெங்கி ஊரில் மருந்து அடிக்காதே என்று சொல்ல மாட்டேன், நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கிடார் ஸ்டாண்டின் ரப்பரும் நைட்ரோவில் தழும்பு விடும். உங்கள் பாலிக்கு இந்தப் பயமெல்லாம் குறைவு, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும்.

ஸ்ப்ரே டின் வாங்கி வீட்டிலேயே ஒரு கோட் அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கே ராத்திரியில் காற்றின் ஈரம் 90 சதவீதத்தைத் தொடும். லாக்கர் ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிர வைக்கும், குளிர்ந்த இடத்தில் ஈரம் படியும், பூச்சு பால் மாதிரி வெளுக்கும். சாயங்கால மழைக்கு முன்னால் அடித்தால் நிச்சயம். மத்தியான வெயிலில், ஈரம் 70க்குக் கீழே இறங்கும் நேரம் பார்த்துத்தான் நானே அடிப்பேன். கார் கடைகளில் விற்கும் இரு கலவைப் பூச்சு நன்றாக இறுகும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது, நுரையீரலைப் பிடிக்கும். பிளாட் வீட்டு நடைபாதையில் செய்கிற வேலை இல்லை.

இனி பிக் தேய்த்த இடம். வில்லி நெல்சன் என்கிற அமெரிக்கப் பாடகர் 1969 முதல் ஒரே மார்ட்டின் என்-20 கிடாரை வைத்திருக்கிறார், பெயர் ட்ரிகர். நைலான் கம்பிக் கிடார் என்பதால் பிக்கார்டு கிடையாது; பிக் போட்டு வாசித்து வாசித்து ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அதோடுதான் இன்றைக்கும் மேடை ஏறுகிறார். அவருக்குச் சரி, அவரிடம் பழுது பார்க்க ஆள் இருக்கிறது. உங்களுக்கு அந்த இடத்தில் மரம் மேலும் தேயாமல் ஒரு காப்பு வேண்டும்.

கறுப்பு பிக்கார்டைப் பெரிதாக வெட்டி ஒட்டி மறைப்பது ஒரு வழி. சுலபம், முப்பது வெள்ளிக்குள் முடியும். ஆனால் பத்து வருஷம் கழித்து எடுத்தால் அதன் அடியில் மட்டும் மரம் வெளிறியே இருக்கும், கைக்கடிகாரம் கழற்றின மணிக்கட்டு மாதிரி. ஸ்டிக்கருக்கும் இதே கதைதான். ஃபிளமெங்கோ கிடார்களில் விரலால் தட்டித் தாளம் போடுவார்கள், அதற்காக முகத்தில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கும், கோல்பியதோர் என்று பெயர். நான் உங்களுக்குச் சொல்வது அதைத்தான். தேய்மானமும் தெரியும், மேலும் தேயாது. வெளிச்சமும் உள்ளே போகும். எப்போதாவது கழற்ற வேண்டுமென்றால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டி, பல் தேய்க்கும் நூலை அடியில் விட்டு மெல்ல மெல்ல. அவசரப்பட்டு உரித்தால் பூச்சும் கூட வரும்.

தகடு ஒட்டுவதற்கு முன்னால் அந்த வெறும் மரத்துக்கு அரக்கு பூச வேண்டும். இங்கேதான் அம்மாவின் குங்குமம் குறுக்கே வருகிறது.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த பழைய முறைக் குங்குமமானால் அதன் சிவப்பு ஸ்பிரிட்டில் கரையும். அரக்கைத் துணியில் நனைத்துத் தேய்த்தீர்களென்றால் பொட்டு இழுபட்டு, வெற்றிலை துப்பின சுவர் மாதிரி ஆகிவிடும். எலுமிச்சை, வினிகர் எல்லாம் போட்டு எடுக்க முயன்றால் புளிப்பு பட்டு அது மறுபடி மஞ்சளாகும், கறை போகாது. பிளீச்சைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மென்மையான தூரிகையின் நுனியில் அரக்கை எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். முதல் ஒற்றலில் லேசாகப் பரவும், பயப்படாதீர்கள். ஒரு மணி நேரம் காய விட்டு மறுபடி. மூன்றாவது தடவைக்குள் அது உள்ளே அடைபட்டுவிடும், அதன் பிறகு நகராது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவே மங்கும். ஜன்னலோரம் வாசித்தால் ஓரிரு வருஷத்தில் இளஞ்சிவப்பாகத் தேயும். கடைக்குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் மங்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த சரஸ்வதி பூஜைக்குப் பொட்டைக் கிடார் பெட்டிக்கு வைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் தலைப்பகுதியின் பின்பக்கம், பூச்சு நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து. பூஜை முடிந்த அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.